ஞானம்மா நம்பாத மனிதர்கள்

சிரித்துக்கொண்டே வருகிறவர்களைக் கண்டால் ஞானம்மாவுக்கு ஆகாது. முறைத்துக்கொண்டு வருகிறவனுக்கு என்ன வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிடும், சிரிக்கிறவனைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பாள். கேஸ் சிலிண்டர் போட வந்த ஆள் ஒருமுறை "நல்லாகீறீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவன் வண்டி தெருமுனை தாண்டுவதற்குள் சிலிண்டரின் சீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அடுத்த முறை வேறு ஆளை அனுப்பச் சொல்லி ஏஜென்சிக்குப் போன் போட்டாள்.

அவள் இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. சேரப்பணஞ்சேரிக்கு அடுத்தாற்போல இருக்கிற அந்த ஊரில், மெயின் ரோட்டை ஒட்டி அவளுக்கும் அவள் புருஷன் ஆசீர்வாதத்துக்கும் ஒரு துண்டு நிலம் இருந்தது. கம்பெனிகள் வரத் தொடங்கிய காலத்தில், ஆசீர்வாதத்தின் பெரியப்பா மகன் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தான். ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள், நஷ்டஈட்டுக்கு நீங்கள் அலைய வேண்டாம், நானே வாங்கித் தருகிறேன் என்றான். ஞானம்மா காபி போட்டுக் கொடுத்தாள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நிலத்தை விற்கிற உரிமையைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்பது, யாரோ வந்து அதைச் சுற்றிக் கம்பிவேலி போட்ட அன்றைக்குத்தான் புரிந்தது. இன்றைக்கு அங்கே ஒரு டயர் கிடங்கு நிற்கிறது. ஆசீர்வாதம் அந்த வேலியைப் பார்த்துப் பார்த்தே படுத்துப் போய்ச் சேர்ந்தார்.

அதன் பிறகு ஞானம்மா கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டர் மூலமாகக் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போனாள். தலை முழுக்க நரைத்ததும் கான்ட்ராக்டர் அவளை நிறுத்திவிட்டான். ஒரே மகள் ஜோதி குன்றத்தூரில் வாழ்க்கைப்பட்டு, செல்போன் தயாரிக்கிற கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வந்து ஒருவேளை சாப்பிட்டுப் போவாள். மற்ற நாளெல்லாம் ஞானம்மா தனி. வீட்டுக்குப் பின்னால் தனி வாசலோடு ஓர் அறை உண்டு. ஊரே அறை கட்டி வாடகைக்கு விட்டுப் பிழைக்கும்போது, அவள் மட்டும் அதைப் பூட்டியே வைத்திருந்தாள். வாடகைக்கு விடுவது என்றால் யாரையாவது நம்பியாக வேண்டுமே.

அந்த ஊரில் பகல் நேரம் ஒரு மாதிரியானது. கம்பெனி பஸ்கள் காலை ஷிப்டு ஆட்களை அள்ளிக்கொண்டு போன பிறகு, தெருவில் மிஞ்சுவது வயதானவர்களும், நைட் ஷிப்டு முடித்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிற வாடகைக்காரர்களும்தான். ரேஷன் கடை, பேங்க், ஆஸ்பத்திரி எல்லாம் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம். ரோடு ஆறு வழிச் சாலையாக அகலமானபோது நடுவில் நீளமாக ஒரு தடுப்பு வந்துவிட்டது. வண்டி வைத்திருக்கிறவர்கள் ஒரகடம் பக்கம் போய்த் திரும்பி வருவார்கள். நடக்கிறவர்களுக்கு ஒரே வழிதான். எப்போதோ லாரி மோதித் தடுப்பு உடைந்த இடத்தில், ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. அந்தச் சந்து வரைக்கும் போக கன்டெய்னர் லாரிகள் விட்டால்தானே! சர்க்கரை மாத்திரை வாங்கப் போன வெங்கடேசன் என்ற பெரியவர் பைக்கில் அடிபட்டு ஒரு காலை இழந்தார். அதற்குப் பிறகு நிறையப் பேர் ரோட்டைத் தாண்டுவதையே விட்டுவிட்டார்கள். மாத்திரை தீர்ந்தால், மகனுக்கு லீவு கிடைக்கிற வரைக்கும் மாத்திரை இல்லாமலே இருந்தார்கள்.

இசக்கிதுரை முதன்முதலில் ஞானம்மாவின் கண்ணில் பட்டது அந்த ரோட்டில்தான். தெற்கே நாங்குநேரிப் பக்கத்து ஆள். ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக நின்று ஓய்ந்தவர். ஊருக்குத் திரும்பாமல், கோதண்டம் என்கிற பெரியவரின் லைன் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஒருநாள் கழுத்தில் விசிலும் கையில் சிவப்புத் துணி கட்டிய கம்புமாக ரோட்டில் இறங்கி, லாரிகளை நிறுத்தி, நாலைந்து கிழவர்களை அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டு, சாமான் வாங்கியதும் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தார். வாரத்தில் சில நாள் என்று ஆரம்பித்து, அது தினமும் நடக்கிற காரியமாகிவிட்டது.

அத்தோடு நின்றிருந்தால் ஞானம்மா பேசாமல் இருந்திருப்பாள். கோதண்டத்தின் இடத்தில் பழைய மெஸ் ஷெட் ஒன்று சும்மா கிடந்தது. இசக்கிதுரை அதைக் கூட்டிக் கழுவி, பெஞ்சு போட்டு, பகலில் தனியாக இருக்கிறவர்கள் எல்லாரும் வந்து உட்காரலாம் என்றார். வீட்டுக்கு ஒரு பிடி அரிசியும் காயுமாகக் கொண்டுவந்து சேர்ந்து சமைத்தார்கள். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வெளியூரிலிருந்து வரவழைக்கப்பட்டு, பேச்சுத்துணை இல்லாமல் கிடந்த வாடகை வீட்டுக் கிழவர்களும் வந்தார்கள்.

ஞானம்மாவைக் கூப்பிட அவரே வந்தார். வாசலில் நின்று சிரித்தார்.

"அக்கா, வீட்டுல தனியாத்தான இருக்கீய? பகல்ல அங்க வந்து இருக்கலாம்லா?"

"தனியா கீறேன்னு உனக்கு யாரு சொன்னது?"

"ஊர்ல எல்லாரும் சொல்லுதாவ."

"ஊர்ல போயி அத்தையெல்லாம் எதுக்குக் கேட்டுகினு கீற?" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

உள்ளே போய் நெடுநேரம் யோசித்தாள். யார் தனியாக இருக்கிறார்கள், பிள்ளைகள் எங்கே, எந்த ஷிப்டு, வீடு யார் பேரில். இதையெல்லாம் ஒருவன் விசாரிக்கிறான் என்றால் ஒரே காரணம்தான் அவளுக்குத் தெரிந்தது.

பக்கத்து வீட்டுக் கனகம் அவளைவிட மூத்தவள். கண் பார்வை மங்கியவள். மகன் ஓசூரில். ஞானம்மாவுக்கு ஊரில் மிஞ்சியிருந்த ஒரே சிநேகிதி. ஒருநாள் கனகம் பேச்சோடு பேச்சாக, வீட்டுச் சாவியில் இன்னொன்று செய்து இசக்கிதுரையிடம் கொடுத்திருப்பதாகச் சொன்னாள்.

"சாவியவா? வூட்டுச் சாவியவா குடுத்தே?" ஞானம்மா கிட்டத்தட்டக் கத்தினாள்.

"நான் மட்டுமா குடுத்தேன்? தனியா கீறவங்கோ எல்லாரும்தான் குடுத்தாங்கோ. காத்தால நம்ம வரலைன்னா தொறந்து பாக்கறதுக்கு."

"அவன் யாரு, இன்னான்னு தெரியுமா உனக்கு? எந்த ஊரு, எந்த சனம்?"

"நான் உள்ள வுழுந்து கெடந்தா, எந்த ஊருக்காரன் தூக்குனா இன்னா ஞானம்?"

இதற்கு மேல் இவளிடம் பேசிப் பயனில்லை என்று ஞானம்மா தானே துப்புத் துலக்கக் கிளம்பினாள். காய் வாங்குகிற சாக்கில் மெஸ் ஷெட் பக்கம் நடந்தாள். இசக்கிதுரை சாப்பிடுகிற ஒவ்வொருவரையும் போனில் படம் எடுப்பதைக் கண்டாள். முகத்தைப் படம் எடுத்து என்ன செய்கிறான்? இரண்டு நாள் கழித்து டீக்கடையில் அவர் ஒருவரோடு உட்கார்ந்து பேசுவதைக் கண்டாள். அந்த இன்னொருவர் யார் என்று தெரிந்ததும் பக்கத்துக் கடை மறைவில் ஒதுங்கி நின்று பார்த்தாள். தாண்டவராயன். அந்த வட்டாரத்தில் நிலம் வாங்கி, விற்று, பிரித்து, மறுபடி விற்கிற புரோக்கர். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன், முகம் முழுக்கச் சிரிப்பு. இசக்கிதுரை தன் போனை அவரிடம் நீட்டினார். தாண்டவராயன் ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் ஜோதிக்குப் போன் செய்தாள்.

"கெழவங்க படத்த எடுத்து புரோக்கருகிட்ட காட்டறான்டி. சாவி வேற கையில கீது."

"அம்மா, நான் லைனுக்குப் போவணும். உனுக்கு யாரப் பாத்தாலும் திருடனா தெரியும். சும்மா இரு" என்று மகள் வைத்துவிட்டாள்.

சும்மா இருக்க ஞானம்மாவால் முடியவில்லை. கோதண்டத்தின் மகன் நிலவன் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அவன் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னாள். பார்த்தது, கேட்டது, நினைத்தது மூன்றையும் பிரிக்காமல் ஒன்றாகச் சேர்த்துச் சொன்னாள். நிலவனுக்கு முகம் சிவந்துவிட்டது. அப்பா பேரில் இருக்கிற இடம்தான் அவனுக்கு முதலில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். நேரே ஷெட்டுக்குப் போய், எல்லார் முன்னாலும் இசக்கிதுரையைக் கேட்டான்.

"எங்கப்பாவ போட்டோ புட்சி யாருக்குக் காட்டுன? உனக்கு இன்னா வேல இங்க? இந்த மாசத்தோட ரூமைக் காலி பண்ணு."

கோதண்டம் ஏதோ சொல்ல வாயெடுத்து, மகனைப் பார்த்துவிட்டு அடங்கிவிட்டார். மறுநாள் இசக்கிதுரை வீடு வீடாகப் போய் எல்லாச் சாவியையும் உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தார். விசில் சத்தமும் நின்றது. ஞானம்மா அன்று நிம்மதியாகச் சாப்பிட்டாள். ஆனால் கனகம் அவளோடு பேசவில்லை.

அந்த வாரமே அது நடந்தது. காலை பஸ்களெல்லாம் போய்விட்ட நேரம். வாசல் பெருக்க வந்த ஞானம்மா, கனகம் வீட்டுக் கேட்டில் பால் பை அப்படியே தொங்குவதைப் பார்த்தாள். வெயில் ஏறியும் பை இறங்கவில்லை.

"கனகக்கா!"

பதில் இல்லை. ஜன்னலோரம் போய்க் காதை வைத்தாள். தண்ணீர் மொள்ளும் மக்கைத் தரையில் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். விட்டு விட்டு, சோர்ந்து போய், வந்தது. கனகத்தின் மகன் கதவிலேயே பதித்த பூட்டு போட்டிருந்தான். உள்ளிருந்தும் சாவி, வெளியிலிருந்தும் சாவி. வெளியே நிற்கிற ஞானம்மாவிடம் சாவி இல்லை.

தெருவில் கத்திப் பார்த்தாள். ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோதண்டம் லைன் வீட்டுக்கு ஓடினாள். இசக்கிதுரை வாசலில் உட்கார்ந்து பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்.

"யோவ், சாவி! கனகக்கா வுழுந்துட்டா! சாவி எங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அவியகிட்டயே குடுத்துட்டேன்லா. நீங்கதான குடுக்க வச்சீய?"

அந்தக் கேள்வியில் கோபம்கூட இல்லை. அவர் எழுந்து, கோதண்டத்தின் கடப்பாரையை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினார். நல்ல தேக்குக் கதவு. மகன் அம்மாவின் பாதுகாப்புக்கென்று பார்த்துப் பார்த்துப் போட்டது. லேசில் அசையவில்லை. ஒவ்வொரு அடிக்கும் உள்ளேயிருந்து மக் சத்தம் பதில் சொன்னது. பிறகு அந்தச் சத்தமும் நின்றுவிட்டது. ஞானம்மா படியில் உட்கார்ந்து, "கர்த்தரே, கர்த்தரே" என்பதைத் தவிர வேறு வார்த்தை வராமல் கிடந்தாள். கதவு பிளந்தபோது கனகம் குளியலறை வாசலில் இடுப்பு திரும்பிக் கிடந்தாள். கண் திறந்திருந்தது. மூச்சு இருந்தது.

ஞானம்மா போன் போட்டதும் ஆம்புலன்ஸ் வந்தது. ஆனால் ரோட்டுக்கு அந்தப் பக்கம். ஒரகடம் போய்த் திரும்பி வரவேண்டும், அங்கே லாரிகள் வால் பிடித்து நிற்கின்றன என்று டிரைவர் போனில் சொன்னார். இசக்கிதுரை அவளிடமிருந்து போனைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

"நீங்க வராண்டாம் தம்பி. அங்கயே நில்லுங்க. ஸ்ட்ரெச்சரை மட்டும் எடுத்துட்டு வாங்க. ரோட்டை நான் பாத்துக்கிடுதேன்."

அதன் பிறகு நடந்ததை ஞானம்மா பலமுறை ஜோதியிடம் சொல்லியிருக்கிறாள். இசக்கிதுரை சிவப்புத் துணிக் கம்போடு ரோட்டில் இறங்கினார். கையை உயர்த்தி, உள்ளங்கையை விரித்து, விசிலை ஊதினார். முதலில் ஒரு கம்பெனி பஸ் நின்றது. அதன் பின்னால் புதுக் கார்களை ஏற்றிய நீள லாரி பிரேக் அடித்துச் சீறி நின்றது. பிறகு எல்லா வரிசையும் நின்றது. இரும்பு உருளை ஏற்றிய டிரைலர் ஒன்றின் முகம் அவருக்கு எட்டிப் பிடிக்கிற தூரத்தில் வந்து நின்றது. அவர் நகரவில்லை. ஸ்ட்ரெச்சர் சந்தில் நுழையாததால், ஆம்புலன்ஸ்காரர்கள் அதைத் தடுப்புக்கு மேலே தூக்கிக் கைமாற்றினார்கள். ஞானம்மா கனகத்தின் கையைப் பிடித்துக்கொண்டே சந்தில் நுழைந்து கூடவே போனாள். அத்தனை பெரிய ரோட்டில் என்ஜின் உறுமுவதைத் தவிர வேறு சத்தம் இல்லை.

இடுப்பெலும்பு உடைந்திருந்தது. ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்தார்கள். வார்டில் கண் விழித்த கனகத்துக்கு, கட்டிலருகே நின்றவளை அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"இப்ப உனக்கு நிம்மதியா ஞானம்? சாவி பத்தரமா என்கிட்டயேதான் இருந்துச்சு. இடுப்புலயே."

ஞானம்மா வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்தாள். இசக்கிதுரை டீ வாங்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் வைத்தார். அவள் தொடவில்லை. இவ்வளவு நடந்த பிறகும் அவள் மனத்தில் ஒரு முள் அப்படியே இருந்தது.

"ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. எதுக்குய்யா இத்தையெல்லாம் செய்யற? யாரு உனக்கு இன்னா குடுக்கறாங்கோ?"

அவர் டீயை ஊதிக்கொண்டு யோசித்தார்.

"யாரும் என்னத்த குடுப்பா? கேட்டுல நின்ன காலத்துல, எவ்வளவு பெரிய வண்டியா இருந்தாலும் நான் கைய நீட்டுனா நிக்கணும்க்கா. எம்.டி கார்கூட நிக்கும். வேலைய விட்டு வந்த பிறகு என் சொல்லுக்கு ஒரு நாய் நிக்கல. ரோட்டுல எறங்கி மொத லாரிய நிறுத்துனேன் பாருங்க, அன்னைக்கு ராத்திரி எனக்கு நல்ல தூக்கம். அதுக்காவத்தான் செய்யுதேன்."

ஞானம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். புண்ணியம், சேவை என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். இது தன் ஆசைக்காகச் செய்கிறவனின் பதில். இதை நம்பலாம் என்று பட்டது.

"போட்டோ?"

"பிள்ளையளுக்கு அனுப்புவேன். அப்பா சாப்பிட்டாச்சு, அம்மா சாப்பிட்டாச்சுன்னு. ஷிப்டுல இருக்கவன் பிரேக்ல பாப்பான்லா."

"அத்த எதுக்குத் தாண்டவராயன் பாத்தான்?"

இசக்கிதுரைக்கு அதில் ஒளிக்க எதுவுமில்லை. ரோட்டுச் சந்தை அடைக்கப் போவதாக ஒரு பேச்சு அடிபட்டது. தாண்டவராயனே தேடி வந்து, தாலுகா ஆபீசில் தனக்குப் பழக்கம் உண்டு, வயதானவர்கள் நேரில் வந்து நின்றால் காரியம் நடக்கும், காரும் தருகிறேன், பேசுவதையும் நானே பேசிக்கொள்கிறேன் என்றிருக்கிறார். யார் யார் வருவார்கள் என்று காட்டத்தான் படம். ஷெட்டுக்கு இரண்டு ஃபேனும் வாங்கித் தந்திருக்கிறார்.

ஃபேன் என்றதும் ஞானம்மாவுக்கு மைசூர்பாகு ஞாபகம் வந்தது.

"என்னிக்குப் போறீங்கோ?"

"திங்கக்கிழமை."

"நானும் வரேன்."

திங்கட்கிழமை தாண்டவராயன் பெரிய கார் அனுப்பினார். இசக்கிதுரையும் கோதண்டமும் இன்னும் சிலரும் பின்னால் ஏறினார்கள். ஞானம்மா முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். தாலுகா ஆபீஸ் வாசலில் தாண்டவராயன் கைகூப்பி எல்லாரையும் வரவேற்றார்.

"வாங்கம்மா, வாங்க. நீங்க ஒண்ணும் பேச வேணாம். என் பின்னால நின்னா போதும்."

ஒண்ணும் பேச வேண்டாம் என்ற பேச்சை அவள் முன்னாலேயே ஒருமுறை, மைசூர்பாகு கொண்டுவந்தவன் வாயால், கேட்டிருக்கிறாள். அப்போது காபி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இந்த முறை கூட்டத்தை விலக்கிக்கொண்டு தாண்டவராயனின் முதுகை ஒட்டினாற்போலப் போய் நின்றாள்.

அதிகாரி ஒரு பெண். களைத்த முகம். தாண்டவராயன் உருக்கமாகப் பேசினார். வெங்கடேசனின் கால், கனகத்தின் ஸ்ட்ரெச்சர் எல்லாம் அவர் வாயில் வந்தன. கோதண்டத்துக்குக் கண் கலங்கியது. ஞானம்மாவுக்கே ஒரு நிமிஷம் தான் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று இருந்தது.

"சரி, தடுப்புல வழி விடணும்ங்கறீங்க. எந்த எடத்துல?" என்று அதிகாரி கேட்டார்.

"ஊரைத் தாண்டி கொஞ்சம் தள்ளி, புதுசா மனை போட்டிருக்கோம் பாருங்க, அந்த ஆர்ச்சுக்கு நேரா மேடம். அங்கதான் எடம் அகலம். வண்டியும் திரும்பலாம்."

"அங்க இன்னா ரேஷன் கடை கீதா?"

கேட்டது ஞானம்மாதான். அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். தாண்டவராயனின் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"அம்மா, நான் பேசிகினு கீறேன் இல்ல..."

"நீ பேசறதத்தான் கேட்டுகினு கீறேன். அந்த ஆர்ச்சுகிட்ட ஆஸ்பத்திரி கீதா? பேங்கு கீதா? கோதண்டண்ணன் வூட்டுலேர்ந்து வாசலுக்கு வரதுக்கே மூச்சு வாங்குது, ஆர்ச்சு வரைக்கும் எப்புடிப் போவாரு? எங்களுக்கு வழி கேக்க வந்தியா, உன் பிளாட்டுக்கு வழி கேக்க வந்தியா?"

இசக்கிதுரைக்கு அப்போதுதான் உறைத்தது. தாண்டவராயனின் முகத்தையும் அதிகாரியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முன்னால் வந்து, "மேடம், எங்களுக்கு ஒடைஞ்ச எடத்துலதான் வழி வேணும். வேற எங்கயும் வேண்டாம்" என்றார். கோதண்டமும் தலையாட்டினார். மகன் பக்கத்தில் இல்லாததால் அவருக்குக் குரல்கூட வந்தது. "ஆமாம்மா. அவங்கோ சொல்றதுதான்."

அதிகாரி பேனாவை மூடிவிட்டு, "நானே வந்து பாக்கறேன்" என்றார்.

திரும்பிப் போக கார் இல்லை. தாண்டவராயன் அதற்குள் கிளம்பிப் போயிருந்தார். ஷேர் ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். வழியெல்லாம் ஞானம்மா, இந்த அம்மா வரப்போவதில்லை, சும்மா சொல்லி அனுப்பிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அதில் மட்டும் அவள் கணிப்பு தப்பியது. அதிகாரி வந்தார். இசக்கிதுரை அவரையும் கிழவர்களோடு நடுவில் விட்டு ரோட்டைத் தாண்ட வைத்தார். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை எல்லாரும் பார்த்தார்கள். அதன் பிறகும் மாதக்கணக்கில் இழுத்தது. சிக்னல் இன்னும் வரவில்லை. ஆனால் சந்து அகலமானது, தரை சமமானது, மினுக்கும் மஞ்சள் விளக்கும் இரும்புத் தடுப்புகளும் வந்தன. தாண்டவராயனின் ஆட்கள் வந்து ஃபேன்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். "போவட்டும்" என்று ஞானம்மா அட்டையால் விசிறிக்கொண்டாள். ஆம், அவளும் இப்போது பகலில் ஷெட்டில்தான்.

நிலவனுக்கு வீம்பு. அறையைக் காலி செய்யச் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்றான். ஷெட் அப்பா இஷ்டம், அறை என் இஷ்டம் என்றான். இசக்கிதுரை குன்றத்தூரில் இடம் பார்க்கிறார் என்று கேள்விப்பட்ட அன்று, ஞானம்மா தன் வீட்டின் பின்னறையைத் திறந்து ஒட்டடை அடித்தாள். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

"ரூம் சும்மா கெடக்குது. வந்து இரு. தண்ணிய வீணடிக்கக் கூடாது. யாரையும் கூட்டிகினு வரக் கூடாது" என்றாள்.

அறைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த ஜன்னலுக்கு அவள் பக்கத்திலிருந்து ஒரு பலகையை அடித்தாள். இசக்கிதுரையே அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊர் இரண்டு நாள் கிசுகிசுத்தது. ஜோதி ஞாயிற்றுக்கிழமை வந்து பலகையைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சாப்பிட்டுப் போனாள்.

சாவி விஷயத்திலும் ஞானம்மா ஒரு சட்டம் போட்டாள். எல்லாச் சாவியும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது, அது இசக்கிதுரையாக இருந்தாலும் சரி, தானாக இருந்தாலும் சரி. சாவிகள் ஷெட்டில் ஓர் இரும்புப் பெட்டியில். பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒன்றின் சாவி ஊர்க்காரர் யாராவது ஒருவரிடம், இன்னொன்றின் சாவி வெளியூரிலிருந்து வந்த ஒருவரிடம். மாதம் ஒருமுறை ஆள் மாற வேண்டும். முதலில் எல்லாரும் முணுமுணுத்தார்கள். ஆனால் அதுவரைக்கும் சாவி கொடுக்கப் பயந்திருந்தவர்களும் அதன் பிறகுதான் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாக்கரை நகர்த்திக்கொண்டு திரும்பி வந்த கனகம் தன் சாவியை முதலில் போட்டாள். ஞானம்மாவும் ஒன்று போட்டாள். அது உண்மையிலேயே அவள் வீட்டுச் சாவிதானா என்று கனகத்துக்கு இன்றைக்கும் ஐயம்.

போன வாரம் ஷெட்டுக்கு ஒரு பெண் வந்தாள். நல்ல உடை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் பழக்கூடை. முதியோருக்கு இலவசமாகக் கண் பரிசோதனை செய்து கண்ணாடி தருவதாகச் சொல்லிச் சிரித்தாள். முன்பெல்லாம் என்றால் கோதண்டம் உடனே எழுந்து வணக்கம் சொல்லியிருப்பார். இப்போது எல்லாரும் ஞானம்மாவைப் பார்த்தார்கள். ஞானம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அந்தப் பெண்ணுக்குப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்தாள்.

"உக்காரும்மா. வெயில்ல வந்துகீற. உன்னை யாரு அனுப்புனது? அவங்கோளுக்கு இதுல இன்னா கெடைக்கும்? மொதல்லேர்ந்து சொல்லு, மெதுவா சொல்லு."